உறங்க விடாத பிச்சி

விடை கடைசிப் பத்தியில் இருக்கிறது. கண்ணை அங்கே ஓடவிடாமல் கதையை முழுதாகக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். தீர்ப்பு சுலபம் என்று நினைத்துதான் நானும் இதற்குள் கால் வைத்தேன்.

நாகர்கோவிலுக்கு வெளியே, ஓடாத ஓர் அரிசி ஆலைக் கொட்டகையில் ஜெபசீலி நாய்க் காப்பகம் நடத்துகிறாள். நாற்பது நாய்கள். எல்லாவற்றுக்கும் என்றாவது ஒரு வீடு கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் அவள் பொழுது ஓடுகிறது. பிச்சி என்ற வெள்ளை நாயை மட்டும் மூன்று வீட்டார் கொண்டுபோய், மூவருமே ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். குறை ஒன்றுதான். பிச்சி யாரையும் உறங்க விடாது. வீட்டில் ஆட்கள் நடமாடும் நேரமெல்லாம் கட்டிலுக்கு அடியில் பயந்து ஒடுங்கிக் கிடக்கும். யாராவது படுத்துக் கண்ணை மூடினால் போதும், வெளியே பாய்ந்து வந்து காதருகே குரைக்கும். அசையாவிட்டால் மணிக்கட்டைக் கவ்வி இழுக்கும். பல் பதியும்.

காரணம் ஜெபசீலிக்குத் தெரியும். பிச்சியை வளர்த்த செல்லையா தனியாக இருந்தவர். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் காப்பகத்துக்குப் போன் செய்து, "அந்த நாய் காலைலயிருந்து ஓயாமக் கொரைக்கு. என்னாண்ணு வந்து பாருங்க" என்றார். குரைப்புப் புகார் தினமும் பத்து வரும். காப்பகத்து வழக்கப்படி அடிபட்ட நாய்க்குத்தான் உடனே வண்டி போகும். குரைக்கிற நாய் உயிரோடு இருக்கிற நாய், அது காத்திருக்கலாம். புகார் நோட்டில் ஜெபசீலி அப்படித்தான் எழுதிப் போட்டாள். மூன்றாம் நாள் போனபோது சத்தமே இல்லை. கதவை உடைத்துப் பார்த்தால் செல்லையா கட்டிலில் இறந்து கிடந்தார். சட்டைக் கை கிழிந்திருந்தது. பிச்சி மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. முதல் நாள் முழுக்க அவருக்கு உயிர் இருந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார். அந்த வார்த்தை ஜெபசீலியை விட்டுப் போகவே இல்லை. குளிக்கும்போதும் சோறு வடிக்கும்போதும் எங்கோ ஒரு நாய் குரைக்கிற மாதிரி இருக்கும். ஓடிப்போய்ப் பார்ப்பாள், ஒன்றும் இருக்காது.

இந்த முறை மூன்று பேர் பிச்சியைக் கேட்டு வந்தார்கள். ஜெபசீலி மூவருக்கும் ஒரே நிபந்தனை வைத்தாள். மத்தியானம் அரைமணி நேரம் கொட்டகை அறையில் பாய் விரித்து, பிச்சியின் முன்னால் படுக்க வேண்டும். அவள் ஜன்னல் வழியே பார்ப்பாள்.

முதலில் வந்தவன் செல்லையாவின் மகன் சுயம்பு. அப்பாவின் சாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்தவன் திரும்பிப் போகவில்லை. பிச்சி அவனை அடையாளம் கண்டு வாலை ஆட்டியது. அவன் படுத்ததும் குரைத்தது, கவ்வி இழுத்தது. அவன் பதறி எழுந்து உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். "அப்பாவையும் இப்பிடித்தானக்கா இழுத்திருக்கும்? நான் இனி படுக்கவே மாட்டேன். காலம்பூரா உக்காந்துட்டே உறங்குவேன். எனக்குத் தாங்க" என்றான்.

அடுத்து கிறிஸ்துதாஸ். போலீஸ் நாய்ப் படையில் இருபது வருஷம் நாய்களைப் பழக்கியவர். மரக்கட்டை மாதிரி அசையாமல் கிடந்தார். பிச்சி குரைத்தது, கடித்தது, ரத்தமும் வந்தது, மனிதர் இமைக்கவில்லை. கால்மணி நேரத்தில் குரைப்பு அடங்கியது. பிச்சி மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. "பாத்தியளா, அடங்கிட்டு. மூணு மாசத்துல ஆட்டுக்குட்டி மாதிரி ஆக்கிருவேன்" என்றார். வாய்ச்சவடால் அடிக்கிறவர் அல்ல. அவர் கையில் திருந்தாத நாய் கிடையாது. ஆனாலும் ஜெபசீலியின் கண் சுவரைப் பார்த்துக் கிடந்த பிச்சியை விட்டு அகலவில்லை.

கடைசியாக வனஜா. தையல் கடையில் வேலை, பிள்ளை குட்டி கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன் அவள் கணவர் உறக்கத்திலேயே போய்விட்டார். விடிந்து காப்பி ஆற்றிக்கொண்டு வந்து எழுப்பியபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து அவளுக்கு உறங்கப் பயம். போதாததற்கு அவளுக்கும் இருதயத்தில் கோளாறு. உறங்காத ராத்திரிகளின் அலுப்பில், பாயில் சாய்ந்ததும் அசந்துவிட்டாள். பிச்சி குரைத்தது. கண்ணைத் திறந்து, "இருக்கேன் மக்ளே, இருக்கேன்" என்று அதன் காதைத் தடவிவிட்டு மறுபடி கண்ணை மூடினாள். மறுபடி குரைப்பு, மறுபடி அதே பதில். இப்படி ஒன்பது தடவை. பத்தாவது தடவை பிச்சி குரைக்கவில்லை. மூக்கை அவள் வாயருகே கொண்டுபோய் மூச்சை முகர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தது.

"என்னைய எழுப்பதுக்கு ஒரு ஆளு வேணும்க்கா. இது முழிச்சிருந்தா நான் கொஞ்சம் உறங்குவேன்" என்றாள் வனஜா.

ஜெபசீலி தவித்துப் போனாள். சுயம்புவுக்கு உரிமை இருக்கிறது, பிச்சிக்கும் அவனைத் தெரியும். கிறிஸ்துதாஸிடம் போனால் தொல்லை தீர்ந்துவிடும். அதன்பின் எந்த வீட்டிலும் பிச்சி இருக்கலாம். வனஜாவிடம் போனால் குரைப்பு ஒருநாளும் ஓயாது. அதைவிட, என்றாவது வனஜா எழுந்திருக்காமலே போனால்? பிச்சி இரண்டாம் தடவையும் அப்படி ஒரு கட்டிலைச் சுற்றிச் சுற்றிக் குரைக்க வேண்டிவரும். 

பிச்சியை யாரிடம் கொடுப்பது சரி?

விடை: வனஜாவிடம். சுயம்பு கேட்டது மன்னிப்பு. அதற்கு நாய் எங்கே போகும்? கிறிஸ்துதாஸ் குரைப்பை நிறுத்திக் காட்டினார். செல்லையா வீட்டிலும் மூன்றாம் நாள் அது நின்றுதான் போயிருந்தது. குரைப்புக்குப் பதில் சொன்னவள் வனஜா ஒருத்திதான். அவள் எழுந்திருக்காத நாள் ஒன்று வரலாம். அன்றைக்கு ஓடிவர வேண்டியது மனிதர்களின் பொறுப்பு, அதை நாயின் தலையில் கட்டக் கூடாது. ஜெபசீலி அப்படித்தான் கொடுத்தாள். கொடுத்த கையோடு வனஜாவின் தெருவிலேயே வீடு பார்த்துக் குடிபோய்விட்டாள். ராத்திரியில் பிச்சி குரைக்கும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்து, வனஜாவின் குரல் கேட்கிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். குரல் கேட்ட பிறகும் அவளுக்கு உறக்கம் வருவதில்லை.