வெள்ளைக் கட்டத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு மாடுகள்

அலுங்காபுரத்துக்குப் பஸ் உண்டு. ஏறுகிறவர்கள்தான் கொஞ்சம் யோசித்து ஏறவேண்டும். அங்கே கால்நடைப் பதிவு அலுவலகம் என்று ஒன்று இருந்தது. கண்காணிப்பாளர் மாசிலாமணி, எழுத்தர் உலகநாதன், கம்ப்யூட்டரில் தட்டுகிற ஜெபமாலை, ஆக மூன்று பேர். உத்தரவு என்று வந்துவிட்டால் ஒரு எழுத்துப் பிசகமாட்டார்கள். கதவில் 'தள்ளவும்' என்று எழுதியிருந்ததால், திறந்து கிடக்கிற கதவையும் ஒரு தடவை மூடிவிட்டுத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே வருவார்கள்.

ஒரு திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஊர் மாடுகள் முந்நூற்றுப் பன்னிரண்டையும் வெள்ளிக்கிழமைக்குள் கம்ப்யூட்டரில் ஏற்றி, அச்செடுத்து அனுப்பவேண்டும். தவறினால் இந்த அலுவலகம் பக்கத்து ஊர் தென்கரை அலுவலகத்தோடு சேர்க்கப்படும்.

மாசிலாமணி கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தார். தென்கரைக் கண்காணிப்பாளர் ஆவுடையப்பன் வேறு யாருமில்லை, அவருடைய சகலைதான். மாமனார் வீட்டுப் பந்தியில் தனக்கு முன்னால் ஆவுடையப்பனுக்கு இலை போட்டதைப் பதினாறு வருஷமாக மறக்காத மனுஷன், இனி அவரிடமே போய் லீவு லெட்டர் நீட்டுவதா? அதைவிட அந்த முந்நூற்றுப் பன்னிரண்டையும் ஓட்டிக்கொண்டு மேய்க்கப் போய்விடலாம் என்று குமுறினார்.

கடிதத்தின் கடைசி வரி இப்படி இருந்தது: 'திரையில் கட்டங்களின் நிறத்தையும் எழுத்தின் நிறத்தையும் கண்ணை உறுத்தாதபடி மாற்றிக்கொள்ளலாம்.'

யார் கண்ணை என்று போடவில்லையே என்றார் உலகநாதன். திங்கட்கிழமை அதிலேயே போயிற்று. மூன்று பேருக்கும் சேர்த்து ஆறு கண். அதில் உலகநாதனின் இடது கண்ணுக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. ஐந்தரைக் கண் என்று கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை தேர்தல் அறிவித்துவிட்டார்கள். அரசு அலுவலகங்களில் எந்தக் கட்சியின் நிறமும் கண்ணில் படக்கூடாது என்று இன்னொரு உத்தரவு வந்து இறங்கியது.

"பச்சை வைக்கவா சார்?" என்று கேட்டாள் ஜெபமாலை.

"பச்சை ஒரு கட்சிம்மா."

நீலமும் ஒரு கட்சி. மஞ்சள், சிவப்பு, காவி எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. உலகநாதன் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்து கறுப்பில் நின்றார். "கறுப்பு ரெண்டு மூணு கொடியில இருக்கு சார். அதை வச்சா கூட்டணின்னு எழுதிடுவாங்க."

மிஞ்சியது வெள்ளை. அதிலும் ஒரு சிக்கல்: எல்லாக் கட்சிக்காரர்களும் வெள்ளை வேட்டிதானே கட்டுகிறார்கள்? மாசிலாமணி கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார்.

"எல்லாக் கட்சியிலயும் இருக்கறது எந்தக் கட்சியும் இல்லை," என்று தீர்ப்புச் சொன்னார். கட்டமும் வெள்ளை, எழுத்தும் வெள்ளை என்று முடிவாயிற்று.

புதன்கிழமை ஜெபமாலை முதல் மாட்டை ஏற்றினாள். கீழத்தெரு மரகதம். அடித்து முடித்துப் பார்த்தால் கட்டத்தில் மாட்டைக் காணோம்.

மாடு காணாமல் போனால் சும்மா இருக்கமுடியுமா? உலகநாதனைக் கீழத்தெருவுக்கு ஓடவிட்டார்கள். அவர் மூச்சு வாங்கத் திரும்பி வந்து, மரகதம் கட்டுத்தறியிலேயே நின்று அசைபோடுவதாகச் சொன்னபிறகுதான் மாசிலாமணிக்கு உயிர் வந்தது. அடுத்த மாடும் கட்டத்தில் மறைந்தது. உலகநாதன் அதற்கும் ஓடினார். நூறு மாடு தாண்டுவதற்குள் அவருடைய செருப்பு அறுந்துவிட்டது.

'மாட்டின் நிறம்' என்று ஒரு கட்டம் இருந்தது. செவலை என்று போட்டால் ஒரு கட்சி, கறுப்பு என்று போட்டால் கூட்டணி. அதனால் எல்லா மாட்டுக்கும் 'தேர்தல் முடிந்ததும் தெரிவிக்கப்படும்' என்று அடிக்கச் சொன்னார் மாசிலாமணி.

வெள்ளிக்கிழமை பிரிண்டர் முந்நூற்றுப் பன்னிரண்டு வெள்ளைத் தாள்களைத் தள்ளியது. ஊதா எந்தக் கட்சியின் நிறம் என்று யாருக்கும் ஞாபகம் வராததால், ஒவ்வொரு தாளிலும் 'சரிபார்க்கப்பட்டது' என்று ஊதா முத்திரை குத்தி அனுப்பினார்கள்.

அதன்பிறகு பத்து நாள் மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. பதினோராவது நாள் பதில் வந்தது. தென்கரை அலுவலகம் கறுப்பு எழுத்தில் அனுப்பி விதியை மீறியிருக்கிறது. ஆகவே அது அலுங்காபுரத்தோடு சேர்க்கப்படுகிறது. அலுங்காபுரம் அனுப்பியது திருப்தி. ஆனால் பதினேழாம் பக்கத்தில் மூன்று பிழைகள் உள்ளன, திருத்தி அனுப்பவும்.

மறுநாளே ஆவுடையப்பன் வந்து வேலையில் சேர்ந்தார். மாசிலாமணி பதினேழாம் பக்கத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார். ஆவுடையப்பன் முன்னும் பின்னும் புரட்டினார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இதுல முத்திரையைத் தவிர ஒண்ணுமே இல்லையே, சகலை."

பதினாறு வருஷத்தில் முதல் முறையாக மாசிலாமணிக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. "தலைமை அலுவலகமே மூணு தப்பு கண்டுபிடிச்சிருக்கு. உங்களுக்கு ஒண்ணுகூடத் தெரியலையா?" என்று இதமாகத்தான் கேட்டார்.

ஆவுடையப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தத் தாளைச் சாப்பாட்டு நேரம்வரை உற்றுப் பார்த்தார். சாப்பிட்டு வந்தும் பார்த்தார். நாலு மணிக்கு எழுந்து வந்து மாசிலாமணியின் மேஜையில் தாளை வைத்தார்.

"மூணு இல்லை, சகலை," என்றார். "நாலு."