பெயரில்லாப் பூவும் குழையம்மையும்

வெயிலுகந்தநல்லூர் ஞாயிற்றுப் பெருமான் கோயில் நந்தவனத்தில் களை பறித்துத் தண்ணீர் ஊற்றி வந்தவர் குழையம்மை. பெருமானை வானில் கண்ட பிறகே வாய் நனைப்பார். அதன் பின்னும் அவர் மனம் ஓரிடத்தில் நிற்காது. கை களையில் இருக்கும், முகம் வானத்தில் இருக்கும். மரநிழல் குறுக்கிட்டால் எழுந்து வெயிலைத் தேடி ஓடுவார். "கழுத்து சுளுக்கிராம, பாத்துக்கிடு" என்று பூத்தொடுக்கும் பெண்கள் சிரிப்பார்கள்.

ஒருநாள் களைகளுக்கு நடுவே யாரும் அறியாத செடி ஒன்று முளைத்திருந்தது. அதன் மொட்டு காலையில் கிழக்கே பார்த்தது. மாலையில் மேற்கே பார்த்தது. தமக்கும் ஒரு துணை கிடைத்ததென்று குழையம்மை பூரித்துப் போனார். அது பூத்ததும் பெருமான் திருவடியில் வைத்துவிட வேண்டும் என்ற தவிப்பு அவரை உறங்கவிடவில்லை.

அந்தக் கோயிலில் பூக்கூடை வாசற்படி தாண்டும்போது ஒவ்வொரு பூவின் பெயரையும் உரக்கச் சொல்வது வழக்கம். சொல்பவர் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் மணியம் ஆவுடையப்ப பிள்ளை. பிள்ளைக்கு வழக்கம் என்றால் வழக்கம்தான். பெருமானே நேரில் வந்தாலும் பெயரைக் கேட்டுத்தான் உள்ளே விடுவார்.

"பேரில்லாத பூவை நான் என்னன்னு சொல்லிக் கூப்பிட? பிடுங்கிப் போட்டுரு," என்றார் செடியைப் பார்த்த பிள்ளை.

"என் கையால மாட்டேன் ஐயா. அதுவும் அவரைத்தானே பாத்துக்கிட்டு இருக்கு," என்று அழுதார் குழையம்மை.

மறுநாள் அடைமழை பிடித்துக்கொண்டது. பெருமான் வானில் தென்படவே இல்லை. குழையம்மை உண்ணவும் இல்லை, நீர் அருந்தவும் இல்லை. "இப்பம் வந்திருவாரு" என்று நந்தவனத்துக்கும் ஆற்றங்கரைக்கும் நடையாய் நடந்தார். கடைசியில் அந்தச் செடியருகே சேற்றில் மயங்கி விழுந்தார்.

மழை விட்ட காலையில் செடியைத் தாமே பிடுங்க வந்தார் பிள்ளை. மேகம் இன்னும் விலகவில்லை. மொட்டு விரிந்து பெரிய மஞ்சள் பூவாகியிருந்தது. அது கிழக்கே பார்க்கவில்லை. தண்டை வளைத்து, தரையில் கிடந்த குழையம்மையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளை அதைப் பிடித்துக் கிழக்கே திருப்பினார். கையை எடுத்ததும் பூ மறுபடி அந்த முகத்துக்கே திரும்பியது.

"தாயே! சூரியனோட ஒளி, அந்தக் காந்தி, ஒம் முகத்துலல்லா இருக்கு!" என்று கதறி அவர் காலில் விழுந்தார் பிள்ளை.

அப்போது மேகம் விலகியது. குழையம்மை கண் திறந்து பெருமானைக் கண்டார். பிள்ளை கொடுத்த தண்ணீரைக் குடித்தார். அன்று குழையம்மையே அந்தப் பூவை வைத்துச் சுமந்து வந்த கூடை வாசற்படி தாண்டும்போது, "சூரியகாந்தி" என்று உரக்கச் சொன்னார் பிள்ளை.

அந்தப் பெயர் தம் முகத்தைப் பார்த்து வந்தது என்று குழையம்மைக்குத் தோன்றவே இல்லை. பெருமானுக்கு ஏற்ற பெயர் என்றுதான் மகிழ்ந்தார். அப்படிப்பட்ட அன்புக்கு முன் நம் தலை தானே தாழ்கிறது.