பட்டத்து யானையின் வயது

மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போட்டதையே ஊர் கூடி நின்று வேடிக்கை பார்த்த முன்னொரு காலத்தில், ஆற்றங்கரைக் கோட்டை ஒன்றில் ஒரு ராஜா இருந்தார். நல்ல ராஜாதான். பஞ்சம் வந்தால் களஞ்சியத்தைத் திறந்துவிடுவார்; புலவர் பாடினால் கொட்டாவி விடாமல் கேட்பார். ஆனால் பிறர் தம்மைப் பார்த்து நகைத்துவிடக் கூடாதே என்ற கவலை மட்டும் பல்வலி போல அவரை விடாமல் பிடித்திருந்தது.

அவர் சபையில் மருதக்கூத்தன் என்று ஒரு விகடகவி. அவன் நாக்கில் சனி இருக்கிறது என்பார்கள் சிலர். சரஸ்வதி என்பார்கள் சிலர். எதுவானாலும் அவன் வாயைத் திறந்தால் ராஜா மற்றவர்களை நிறுத்திவிட்டு அவனைத்தான் கேட்பார். பிரதானி அம்பலவாணருக்கு அது ஆறு வருஷமாகச் செரிக்கவில்லை.

ஒரு நாள் பக்கத்து நாட்டுத் தூதர் சபைக்கு வந்திருந்தார். பேச்சு மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது வாசல் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. கிரீச்சென்று தொடங்கி, இழுத்து, முனகி, மறுபடி கிரீச்சென்றது. தூதர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அரண்மனை மருத்துவச்சி காத்தாயி கிராமங்களைச் சுற்றிவிட்டுத் தன் ஒற்றை மாட்டு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தாள். கோட்டையைச் சுற்றியுள்ள பதினெட்டு ஊர்களில் யாருக்குப் பிரசவம் என்றாலும் அரசர் பேரில் போய்ப் பார்ப்பது அவள் வேலை. வேலை அரசருடையது, வண்டி அவளுடையது. அதற்கு வயது இருபது. கூண்டில் பாதி கோணி, பாதி பனையோலை.

"என்ன ஓசை அது?" என்றார் ராஜா.

"நம் மருத்துவச்சியின் வண்டி, மகாராஜா," என்றான் மருதக்கூத்தன். "வலி கண்ட பெண்களுக்கு முனகத் தெரியாவிட்டால் சொல்லிக்கொடுப்பதற்காகக் கூடவே அழைத்துப் போகிறாள்."

சபை குலுங்கியது. தூதர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து, "எங்கள் நாட்டில் இதை வண்டி என்று சொல்வதில்லை. விறகு என்போம்," என்றார். அதற்கும் சிரிப்பு. ராஜாவும் சிரித்தார், ஆனால் அவர் காது மடல் சிவந்ததை மருதக்கூத்தன் பார்த்தான். சபை எதற்குச் சிரிக்கிறது என்று வாசலில் காத்தாயி எட்டிப் பார்த்ததையும் பார்த்தான். அப்போது அது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. சொன்ன சொல் சரியான இடத்தில் விழுந்த சந்தோஷத்தில் இருந்தான்.

மறுநாள் காலையில் பிரதானி ராஜாவின் ஆணை ஓலையை விரித்து வாசித்தார்.

"அரசாங்கப் பணிக்காகக் கோட்டைக்கு வெளியே செல்வோர் ஏறும் வாகனம் ஐந்தாண்டுக்கு மேற்பட்டதாக இருத்தல் கூடாது. ஓசை எழுப்புதல் கூடாது. தைப்போ ஒட்டோ அதன் உடம்பில் இருத்தல் கூடாது. தகுதியற்ற வாகனம் கோட்டை வாயிலைத் தாண்டலாகாது. இவ்விதி எவருக்கும் விலக்கன்று."

புது வண்டியை யார் வாங்கித் தருவார் என்று ஓலையில் இல்லை. அவரவரே வாங்கிக்கொள்ள வேண்டும். ஏரி மணியக்காரரின் குதிரைக்குப் பதினான்கு வயது. அவர் தலை குனிந்துகொண்டார். ஓலை கொண்டுபோகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வாயிலில் நின்று சோதிக்க ஒருவர் வேண்டுமே," என்றார் ராஜா.

பிரதானி அதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார். "வாகனத்தின் குறையை முதலில் கண்டவர் நம் விகடகவி. அந்தக் கண் வேறு யாருக்கு வரும்? அவரையே நியமிக்கலாம், மகாராஜா."

மருதக்கூத்தனுக்குப் பொறி புரிந்தது. பழைய வண்டியை விட்டால் அரச கட்டளையை மீறியவன். நிறுத்தினால் ஊழியர் எல்லாரும் சபிப்பார்கள். இரண்டில் எது நடந்தாலும் பிரதானிக்குக் கொண்டாட்டம். ராஜா சிரித்துக்கொண்டே தலையசைத்தார். மருதக்கூத்தன் கைகூப்பி ஏற்றுக்கொண்டான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் பொழுது புலர்ந்ததும் வாயிலுக்கு வந்த முதல் வண்டி காத்தாயியுடையது.

அவன் கையில் ஒரு பிரம்பு கொடுத்திருந்தார்கள். அதைக் குறுக்கே நீட்டினான். வாயில்காவலர்கள் அவன் ஏதாவது சொல்வான், சிரிக்கலாம் என்று காத்திருந்தார்கள். அவனுக்கு ஒன்றும் வரவில்லை.

"இந்த வண்டி போகக் கூடாது, அம்மா. புது உத்தரவு."

"கேள்விப்பட்டேங்கய்யா." காத்தாயி இறங்கினாள். ஐம்பது வயதைத் தாண்டியவள். மருந்துப் பையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நடந்து போறதுக்குத் தடை இருக்குதா?"

"இல்லை."

"அப்பச் சரி." மாட்டை அவிழ்த்து வேப்பமரத்தில் கட்டினாள். போகத் திரும்பியவள் நின்றாள். "அன்னிக்கு நீங்க சொன்னது சிரிப்பாத்தான் இருந்துச்சு. வீட்டுக்குப் போயி எனக்கே சிரிப்பு வந்துருச்சு."

அவள் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் அவனைக் குத்தியது. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பியிருப்பான். வெயில் ஏறும் சாலையில் அவள் சிறிதாகிக்கொண்டே போனதைப் பார்த்தபடி நின்றான்.

அன்று அவன் ஏழு வாகனங்களை நிறுத்தினான். மறுநாள் பத்து. "எதையாவது சொல்லிச் சிரிக்கவையுங்கள்," என்று காவலர்கள் கேட்டபோது தொண்டை சரியில்லை என்று பொய் சொன்னான்.

மூன்றாம் நாள் பகலில் ஒரு குயவர் கழுதையைப் பிடித்துக்கொண்டு வாயிலுக்கு வந்தார். பானை சுமக்கும் கழுதையின் மேல் காத்தாயி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பாதங்களிலும் துணி சுற்றியிருந்தது. துணியில் இரத்தம்.

மருதக்கூத்தன் ஓடிப்போய்க் கைகொடுத்து அவளை இறக்கினான்.

"என்ன ஆயிற்று?"

குயவர்தான் சொன்னார். அவர் பெயர் சோலையன். ஊர் கருக்குப்பட்டி, ஐந்து நாழிகை நடை. "என் பெஞ்சாதிக்குத் தலைப்பிரசவம். ஆள் அனுப்புனேன். எப்பவும் வண்டில வெரசா வந்துரும் இந்தம்மா. நேத்து வந்து சேர்றதுக்குள்ள பிள்ளை பொறந்திருச்சு. ரத்தம் நிக்கல. வீட்டுக்காரி கண்ணு மேல சொருகிருச்சு. இவங்க வந்து கைவச்சாங்க, பிழைச்சா. இன்னும் அரை நாழிகை போயிருந்தா நான் தனியாளு."

"இப்போது எப்படி இருக்கிறாள்?"

"பேச்சு வந்திருச்சு. பிள்ளை பால் குடிக்குது." சோலையன் முகத்தைத் துண்டால் துடைத்தார். அவருக்கு எதிரில் நிற்பவன் யார் என்று தெரியாது. "ஐயா, ஒண்ணு கேக்கணும். யாரோ ஒரு விகடகவி பண்ணுன பகடியாலதான் வண்டிய நிறுத்திட்டாங்கன்னு சொல்றாங்க. அந்த ஆளு யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

மருதக்கூத்தன் வாயைத் திறந்தான். மூடினான்.

காத்தாயி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு குயவரிடம், "யாரோ எவரோ. விடு சோலையா. என்னைக் கொஞ்சம் உள்ள கொண்டுபோயி விடு," என்றாள்.

அவர்கள் போய்விட்டார்கள். சபையில் எத்தனை பேர் கேள்வி கேட்டிருக்கிறார்கள், எதற்கு அவன் பதில் இல்லாமல் நின்றிருக்கிறான்? ஒரு குயவர் கேட்டதற்கு 'நான்தான்' என்ற ஒரு சொல் வரவில்லை. பாதிக்கப்பட்டவளே அவனை மறைத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. கையிலிருந்த பிரம்பைப் பார்க்கவே கூசியது. அதைச் சுவரில் சாய்த்தான். பிறகு என்ன நினைத்தானோ, மறுபடி எடுத்துக்கொண்டான்.

மறுநாள் ராஜா பெரிய ஏரியின் புது மதகைத் திறந்துவைக்கப் புறப்பட்டார். மேளம் முழங்க, குடை பிடிக்க, பட்டத்து யானை வாயிலை நெருங்கியது. மருதக்கூத்தன் அதன் முன்னால் போய் நின்று பிரம்பைக் குறுக்கே நீட்டினான்.

மேளம் நின்றது.

"கூத்தா, வழிவிடு," என்றார் ராஜா மேலிருந்து.

"மன்னிக்க வேண்டும், மகாராஜா. தாங்கள் செல்வது அரச பணிக்குத்தானே?"

"ஆம். அதற்கென்ன?"

மருதக்கூத்தன் பாகனிடம் திரும்பினான். "யானைக்கு வயது என்ன?"

பாகன் திரும்பி ராஜாவைப் பார்த்துவிட்டு, "நாப்பத்தெட்டுங்க," என்றான்.

"உடம்பில் தைப்பு உண்டா?"

"இடது காதுல நாலு தையல். போன சண்டையில ஈட்டி கிழிச்சது."

தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்ததோ என்னவோ, யானை தும்பிக்கையைத் தூக்கிக் கோட்டை அதிரப் பிளிறியது.

"ஓசையும் உண்டு," என்றான் மருதக்கூத்தன். "இந்த வாகனம் வாயிலைத் தாண்டலாகாது."

பிரதானி பின்னாலிருந்து பாய்ந்து வந்தார். "அறிவிலி, அது யானை. விதி வண்டிக்கும் குதிரைக்கும்."

"ஓலையில் 'வாகனம்' என்றுதான் இருக்கிறது, பிரதானியாரே. எவருக்கும் விலக்கன்று என்றும் இருக்கிறது. தாங்கள் வாசித்ததுதான்."

ராஜாவின் முகம் கறுத்தது. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. தாமே போட்ட விதியைத் தாமே மிதித்தால் ஊர் சிரிக்கும். "பல்லக்கைக் கொண்டுவாருங்கள்," என்றார்.

பல்லக்கு வந்தது. மருதக்கூத்தன் தூக்குகிறவர்களைச் சுற்றி வந்தான். "இவர்களில் இளையவனுக்கே இருபத்திரண்டு. ஐந்தைத் தாண்டாத எட்டுப் பேர் கிடைத்தால் தடையில்லை."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். ராஜா யானையிலிருந்து இறங்கி அவன் அருகில் வந்தார். "உன் தலை உன் கழுத்தில் இருப்பது பிடிக்கவில்லையா, கூத்தா?" என்றார் மெதுவாக.

"பிடிக்கும், மகாராஜா. ஆனால் உத்தரவு தங்களுடையது."

"அப்படியானால் நான் எப்படித்தான் போவது?"

"நடந்து செல்லத் தடையில்லை. மருத்துவச்சி காத்தாயி அப்படித்தான் போகிறாள்."

ராஜா அவனை உற்றுப் பார்த்தார். பிறகு கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு நடக்கத் தொடங்கினார். ராஜா நடக்கும்போது பிரதானி குதிரை ஏற முடியுமா? அவரும் நடந்தார். மருதக்கூத்தன் சில அடி பின்தங்கிப் போனான்.

சாலையில் புழுதி கணுக்கால் வரை. பட்டு வியர்வையில் ஒட்டியது. ஒரு நாழிகைத் தூரத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி வைக்க நட்ட கல். ராஜா அதன் நிழலில் சாய்ந்து உட்கார்ந்து பாதுகையைக் கழற்றினார். குதிகாலில் கொப்புளம்.

"இப்போது சொல்," என்றார். "என்ன நடந்தது?"

மருதக்கூத்தன் சொன்னான். குயவர் மனைவியை, இரத்தத்தை, காத்தாயியின் பாதங்களை. தான் வாய் மூடி நின்றதையும் விடாமல் சொன்னான். அதில் ஒரு வரிகூட வேடிக்கையாக இல்லை.

"கருக்குப்பட்டி இன்னும் எவ்வளவு தூரம்?"

"இதே சாலையில், இதுவரை நாம் நடந்ததைப் போல இன்னும் நான்கு பங்கு." சற்று நிறுத்தினான். "மகாராஜா சாய்ந்திருக்கும் இந்தக் கல், வயிற்றுப் பிள்ளையோடு இறந்த ஒரு பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நட்டது. காத்தாயி வேலைக்கு வந்த பிறகு இந்தச் சாலையில் இரண்டாவது கல் நடவில்லை."

ராஜா சட்டென்று கல்லிலிருந்து முதுகை எடுத்தார். எழுந்து நின்று அதைத் தொட்டார். "ஒரு தூதன் சிரித்ததற்கு வெட்கப்பட்டேன்," என்றார் கடைசியில். "அவளுக்கு ஒரு வண்டி கொடுக்கவில்லையே என்று வெட்கப்படத் தோன்றவில்லை."

அந்நேரம் பிரதானி வந்து சேர்ந்தார். செருப்பு இரண்டும் கையில், தலைப்பாகை தோளில். மூச்சு வாங்கியபடி குனிந்து, "மகாராஜா, விதியில் ஒரு சிறு திருத்தம் செய்தால் நாட்டுக்கு நல்லது," என்றார்.

ராஜா அவரை மேலும் கீழும் பார்த்தார். சிரிப்பு பீறிட்டுக் கிளம்பியது. புழுதிச் சாலையில், காலில் கொப்புளத்தோடு, தம்மையும் சேர்த்துப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அடுத்த நாள் சபை கூடியது. அரச வேலைக்குப் போகிறவருக்கு வண்டியும் மாடும் குதிரையும் அரண்மனையே தரும் என்று புது ஓலை வாசிக்கப்பட்டது. வாசித்தவர் பிரதானிதான், உட்கார்ந்துகொண்டு வாசிக்க அனுமதி கேட்டார். காத்தாயியையும் சோலையனையும் ராஜா வரவழைத்திருந்தார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மருதக்கூத்தனை அழைத்தார்.

"இதை வாங்கும் தகுதி எனக்கு இல்லை, மகாராஜா."

"பரிசு, யானையை நிறுத்தியதற்கு. வெட்கம் உன்னுடையது. அதை நான் வாங்கிக்கொள்ள முடியாது." மாலை அவன் கழுத்தில் விழுந்தது.

மருதக்கூத்தன் சோலையன் முன் போய் நின்றான். "அன்றைக்கு நீங்கள் கேட்ட ஆள் நான்தான்," என்றான். பிறகு காத்தாயியின் பக்கம் திரும்பினான். "என்னை மன்னிக்க வேண்டும், அம்மா." தலை நிமிரவில்லை. சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

சோலையன் அவனைப் பார்த்தார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேய்யா," என்றார். அவ்வளவுதான்.

காத்தாயி தொண்டையைச் செருமினாள். "மகாராஜா, இவரைத் தண்டிக்கிறதா இருந்தாலும் மாலை போடுறதா இருந்தாலும் சீக்கிரம் முடிங்க. புளியங்குடியில ஒருத்திக்கு வலி கண்டிருக்குது. புது வண்டி வந்து என்ன, மாட்டைப் பத்துற மாதிரி என் காலு இல்ல. ஓட்ட ஒரு ஆள் வேணும்."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே மருதக்கூத்தனைக் கை காட்டினார்.

முத்துமாலை கழுத்தில் இருக்க, மருதக்கூத்தன் வண்டி ஓட்டிக்கொண்டு கோட்டை வாயிலைத் தாண்டினான். சாலை நேராகப் போயிற்று. கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து காத்தாயி, "எதையாவது சொல்லிக்கிட்டே வாங்கய்யா, சிரிச்சுக்கிட்டே போவோம்," என்றாள்.

அவன் யோசித்துப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. "நீங்கள் இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள், அம்மா?" என்று கேட்டான்.

அவள் சொல்லத் தொடங்கினாள். புளியங்குடி வரும்வரை அவன் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.