நாற்பது வயலினும் ஓர் ஓபோவும்

“டீச்சர், எனக்கு அந்த நாற்காலி வேண்டாம்,” என்றார் காத்தமுத்து.

போலீஸ் பேண்டில் இருபது வருஷம் கிளாரினெட் ஊதிவிட்டு வந்தவர் அவர். ஆறு வருஷம் ரெஜினாவிடம் ஓபோ என்ற மேற்கத்திய ஊதுகுழல் பழகி, நகரத்தின் பெரிய இசைக்குழுவில் தற்காலிகமாக இடம் பிடித்திருந்தார். ரெஜினா அவரைவிடப் பதினைந்து வயது இளையவள்.

“என்ன ஆச்சுண்ணே?”

“ஒத்திகைக்கு முன்னாடி ஓபோ ஒரு சுரம் கொடுக்கணும், மத்தவங்க அதோட சேர்த்துக்கணும். அதுதானே வழக்கம்?”

“அதுதான்.”

“கொடுத்தேன். முதல் வயலின்காரர் குறைவுன்னார். ஏத்தினேன். இன்னும் குறைவுன்னார். இன்னும் ஏத்தினேன். சுருதி மாத்த முடியாத பியானோ சேர்ந்ததும் எதுவுமே ஒட்டலை. ஏச்சு எனக்கு. நாளைக்கும் இப்படின்னா வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க.”

முதல் வயலின்காரரின் நாற்காலியில் மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம். அவர் சொன்னால் நாற்பது வயலினும் தலையாட்டும். ஊதுகிறவர்களுக்குப் பின்வரிசை.

“ஊதுங்க,” என்றாள் ரெஜினா.

ஊதினார். மேஜைமேல் இருந்த சுருதி காட்டும் கருவியில் முள் நட்டநடுவில், சரியான இடத்தில் நின்றது.

அவள் கருவியைக் கவிழ்த்து வைத்தாள்.

“மறுபடியும்.”

ஊதினார்.

“குறைவு.”

உதட்டை இறுக்கினார்.

“இன்னும் குறைவு.”

இன்னும் இறுக்கினார்.

அவள் கருவியை நிமிர்த்தினாள். முள் வலது ஓரத்தில் துடித்துக்கொண்டிருந்தது.

“நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?”

“சொன்னேன். பொய் சொன்னேன்.”

“நீங்க சொன்னா நான் எப்படிச் சந்தேகப்படுவேன்?”

“பேண்டுல எத்தனை வருஷம் சல்யூட் அடிச்சீங்க?”

“இருபது.”

“உதடு இன்னும் அடிக்குதுண்ணே.”

காத்தமுத்து ஓபோவைப் பெட்டிக்குள் வைத்து எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் ஒத்திகையில் சுரம் கொடுத்தார்.

“குறைவு,” என்றார் முதல் வயலின்காரர்.

காத்தமுத்து ஊதிக்கொண்டிருந்தார்.

“ஓபோ, காது கேக்குதா? குறைவுன்னு சொன்னேன்.”

சுரம் ஏறவில்லை. இறங்கவும் இல்லை.

நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். காத்தமுத்துவின் நெற்றி நரம்பு புடைத்திருந்தது. உதடு அசையவில்லை.

வயலின்களின் கடைசி வரிசையில் ஒரு பெண் தன் வயலினின் தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகி, ஓபோவோடு சேர்த்தாள். பக்கத்தில் இருந்தவன் அவளைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதைத் திருகினான். பிறகு அந்த வரிசை. பிறகு அதற்கு முன்வரிசை.

முதல் வயலின்காரர் கடைசியாகத் திருகினார்.