அமலனின் கணினி

“டீச்சர், அழிஞ்சிருச்சு.”

“எது?”

“எல்லாம்.”

கேட்டவர் ஹசீனா. திண்டுக்கல்லில் ஒரு கிளை நூலகத்தின் பின்னறையில், ஞாயிறு காலைகளில், பழைய கணினிகளுக்கு இலவச இயங்குதளம் போடக் கற்றுக்கொடுப்பவர். மற்ற நாட்களில் பாலிடெக்னிக் விரிவுரையாளர். வயது முப்பத்தேழு.

சொன்னவர் தனிஸ்லாஸ். முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் பி.டி. மாஸ்டர். ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்கு அவர் மாஸ்டர்தான். வயது அறுபத்து நான்கு.

குரு உட்கார்ந்திருந்தார். சீடர் நின்றுகொண்டிருந்தார்.

“உக்காந்து முழுசா சொல்லுங்க மாஸ்டர்.”

“நின்னே சொல்றேன். நாலு வாரம் உங்ககிட்டப் படிச்சேன்.”

“ஆமா. வீட்டுல பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு மெதுவா ஓடுது, ரெண்டாவதா ஒரு சிஸ்டம் போட்டுப் பாக்கணும்னீங்க.”

“அது பொய்.”

வரிசையிலிருந்து ஓரடி முன்னால் வந்து தப்பை ஒத்துக்கொள்ளும் பையனைப் போல அதைச் சொன்னார்.

கணினி அவருடையது அல்ல. மகன் அமலனுடையது. மூன்று வருடத்துக்கு முன், இருபத்தாறு வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை அமலன் பையோடு வெளியே போனான். திரும்பவில்லை. போன் அணைந்துபோனது. வளர்ந்த ஆண், தானாகப் போயிருக்கிறான் என்று காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டார்கள்.

கணினி மட்டும் வீட்டில் இருந்தது. அது கடவுச்சொல் கேட்டது.

“என் பேரப் போட்டேன். அவங்கம்மா பேரப் போட்டேன். பிறந்த தேதி, பைக் நம்பர், செத்துப்போன நாய் பேரு. மூணு வருஷமா போட்டுப் பாத்தேன்.”

“தொறக்கல.”

“தொறக்கல. அப்பத்தான் ஒருத்தர் சொன்னார். வேற சிஸ்டம் வழியாப் போனா பழைய பூட்டு குறுக்க வராதுன்னு.”

“சரிதான். வராது.”

“அதுக்குத்தான் படிக்க வந்தேன். எங்க போனான்னு அதுல இருக்கும். ஒரு டிக்கெட்டு, ஒரு அட்ரஸ், யாருக்காவது எழுதின ஒரு வரி.”

“இத முத நாளே சொல்லியிருக்கலாமே.”

“வீட்டு விஷயம்.”

“சரி, மேல சொல்லுங்க.”

“நீங்க குடுத்த பென்டிரைவச் செருகுனேன். நீங்க சொன்ன மாதிரியே ரெண்டு கேட்டுச்சு. சும்மா பாத்துக்கிறியா, நிறுவிக்கிறியா.”

“எத அமுக்குனீங்க?”

“நான் பாக்கவா போனேன்? எடுக்கப் போனேன். நிறுவுன்னு குடுத்தேன்.”

“சும்மா பாத்துக்கோன்னு குடுத்திருந்தா, எல்லா ஃபோல்டரும் அன்னிக்கே தொறந்திருக்கும் மாஸ்டர்.”

மாஸ்டர் சன்னல் பக்கம் பார்த்தார்.

“அப்புறம்?”

“பழசுக்குப் பக்கத்துல வைக்கவான்னு கேக்கும்னீங்க. கேக்கல.”

“உள்ள இடமில்லன்னா கேக்காது.”

“ரெண்டுதான் இருந்துச்சு. அழித்துவிட்டு நிறுவு. இன்னொண்ணு, வேறு ஏதாவது.”

“வேறு ஏதாவதுதான் எடுத்திருக்கணும்.”

“வேறு ஏதாவதுன்னா என்னன்னு தெரியல டீச்சர். அழிக்கிறதுன்னா தெரியும்.”

“அழிஞ்சிரும்னு தெரிஞ்சுமா?”

“பழைய சிஸ்டத்தத்தான் அழிக்கும், அவன் சாமானெல்லாம் அப்படியே கிடக்கும்னு நெனச்சேன். பூட்டு ஒழிஞ்சுதுன்னு சந்தோஷமா அமுக்குனேன்.”

“எப்ப?”

“பதினோரு நாளாச்சு.”

ஹசீனாவின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. “பதினோரு நாளா என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்க?”

“தேடுனேன். காலைல உக்காந்தா சாப்பாட்டுக்குத்தான் எந்திரிப்பேன். அழிஞ்சத மீட்டுத் தர்ற சாஃப்ட்வேர் இருக்குன்னு நெட்டுல போட்டிருந்தாங்க. இறக்குனேன். மொத்தம் ஏழு.”

“அதே கம்ப்யூட்டர்லயா?”

“பின்ன எதுல?”

ஹசீனா எழுந்தார். பின்னறையில் ஒரு கரும்பலகை உண்டு. அதைக் காட்டினார்.

“போன வாரம் இதுல என்ன எழுதியிருந்தேன்?”

பலகை துடைத்திருந்தது. உற்றுப் பார்த்தால் வெள்ளையாக ஒரு தடம்.

“ஏதோ லேசாத் தெரியுது.”

“தேடிக் கண்டுபிடிங்க. ஆனா சாக்பீஸாலதான் தேடணும். அந்தத் தடத்து மேலயே உங்க பையன் பேர எழுதி எழுதித் தேடுங்க.”

மாஸ்டர் சாக்பீஸை வாங்கினார். அமலன் என்று எழுதினார். அதை ஒட்டி இன்னொரு அமலன். மூன்றாவதில் ‘ம’ போடும்போது கை நின்றது.

சாக்பீஸை மேசைமேல் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது. இருவரும் எடுக்கவில்லை.

“நீங்க இறக்குன ஏழும் இப்படித்தான் மேல எழுதியிருக்கும். இப்ப அது வீட்டுல ஓடிக்கிட்டிருக்கா?”

“தேடச் சொல்லி விட்டுட்டுத்தான் வந்தேன்.”

“வீட்டுல போன் போட்டு ஒயரப் புடுங்கச் சொல்லுங்க.”

“அவங்கம்மாவுக்குத் தெரியாது டீச்சர். நான் தொறந்துட்டேன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. சோறு போடுறப்ப என் மூஞ்சியப் பாப்பா. ஏதாவது கிடைச்சுதான்னு வாயால கேக்க மாட்டா.”

“ஒண்ணும் சொல்ல வேணாம். புடுங்கச் சொல்லுங்க.”

மாஸ்டர் போன் போட்டார். “பிலோமி. கம்ப்யூட்டர் ஒயரப் புடுங்கு. ஏன்னு கேக்காத. புடுங்குன்னா புடுங்கு.”

அந்தப் பக்கம் ஒயரைப் பிடுங்கும் சத்தம் கேட்டது.

அன்று பிற்பகல் மாஸ்டர் கணினியை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். ஹசீனா, எல்லாம் பதிந்திருக்கும் அதன் வட்டைக் கழற்றித் தன்னுடைய கணினியில் இணைத்தார். அதில் ஓர் எழுத்துகூட எழுதாமல், படிக்க மட்டும் செய்தார். மீட்பு வேலை நான்கு நாள் ஓடியது.

அடுத்த ஞாயிறு.

“கிடைச்சுதா?”

“ஒன்பதாயிரத்து நானூத்திப் பன்னெண்டு கோப்பு கிடைச்சுது.”

மாஸ்டர் அந்த அறையில் அன்றுதான் யாரும் சொல்லாமலே உட்கார்ந்தார்.

“எதுக்கும் பேரு கிடையாது மாஸ்டர். தேதி கிடையாது. எங்க இருந்துச்சுங்கிறதும் கிடையாது. வெறும் நம்பர். நெறைய கம்ப்யூட்டரோட சொந்தச் சாமான். அம்புக்குறி, பொத்தான், விளம்பரப் படம். எது அமலனோடதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

“அதென்ன பெரிய வேலை? எம்பிள்ளையோடது எனக்குத் தெரியாதா?”

ஹசீனா, அமலன் என்று ஒரு புது ஃபோல்டர் போட்டார். மாஸ்டர் ஆமென்றால் அதில் சேரும்.

முதலில் ஒரு கடற்கரை. ஆள் யாரும் இல்லை. ஒரு செருப்பு மட்டும்.

“இது இல்ல. அவன் கடலுக்கெல்லாம் போனதில்ல.”

“போனதில்லன்னு தெரியுமா?”

“எங்கிட்டச் சொல்லல.”

“அதான் கேட்டேன்.”

அடுத்து ஒரு ஜோடிக் கம்மல், யாரோ உள்ளங்கையில் வைத்து எடுத்த படம்.

“பொம்பளச் சாமான். இல்ல.”

“வாங்கிக் குடுத்திருக்கலாம்.”

“யாருக்கு?”

ஹசீனா அடுத்ததைத் திறந்தார்.

ஒரு மருந்துச் சீட்டு. மேல்பாதி இல்லை. பெயர் இருந்த இடத்தில் சாம்பல் நிறம்.

“என்ன மாத்திரை அது?”

“தூக்கத்துக்குக் குடுக்கிறது.”

“அப்ப அவனுது இல்ல. அவன் நல்லாத் தூங்குவான்.”

“பாத்திருக்கீங்களா?”

“ரூமுல லைட்டு அணைஞ்சிருக்கும்.”

“சரி. இல்லன்னு போட்டுக்கிறேன்.”

நான்கு ஞாயிறு இப்படிப் போனது. வேலைக்கான விண்ணப்பங்கள் வந்தன. இந்த வேலைக்கெல்லாம் அவன் படிக்கவில்லை என்றார். பென்சிலால் போட்ட பறவைப் படங்கள் வந்தன. அவன் சின்ன வயதிலேயே வரைவதை நிறுத்திவிட்டான் என்றார். எப்போது நிறுத்தினான் என்று ஹசீனா கேட்டார். நான் நிறுத்தச் சொன்னபோது என்றார்.

மாஸ்டர் சவரம் செய்வதை விட்டிருந்தார். நூலகத்தில் பத்திரிகை படிக்க வருகிறவர்கள் வணக்கம் வைத்தால் திரும்ப வைப்பதில்லை.

ஐந்தாவது ஞாயிறு, ஏழாயிரத்தைத் தாண்டியாயிற்று. அமலன் என்ற ஃபோல்டரில் ஒன்றும் சேரவில்லை.

“நீங்க வேற யாரோட வட்டையோ படிச்சிட்டீங்களோ டீச்சர்?”

“நீங்க கொண்டாந்ததுதான்.”

“எம்பிள்ளையோடது இதுல ஒண்ணுகூட இல்லியே.”

“நூத்துக்கணக்குல போயிருக்கும் மாஸ்டர்.”

“எங்க?”

“இல்லன்னு சொன்னதுல.”

மாஸ்டர் எழுந்து வாசல்வரை போனார். செருப்பைப் போட்டார். சிறிது நேரம் அங்கேயே நின்றுவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே வந்தார்.

“அடுத்ததப் போடுங்க.”

அடுத்தது ஓர் ஒலிக்கோப்பு. முதலில் வெறும் இரைச்சல். பிறகு ஒரு குரல், அதட்டலாக:

“எங்கடா கெளம்பிட்ட? நில்லு. நேரா நில்லு, கைய எடு பாக்கெட்டுல இருந்து. எங்க போற? எப்ப வருவ? கேட்டா பதில் சொல்லிப் பழகு.”

மாஸ்டர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

“இது நானு.”

“நீங்களா?”

“என் குரல் எனக்குத் தெரியாதா? நாந்தான் பேசுறேன். நிறுத்துங்க. இது அவனுது இல்ல.”

ஹசீனா நிறுத்தவில்லை.

குரல் மறுபடி கேட்டது. “எங்க போற? எப்ப வருவ?” இந்தத் தடவை அதன் பின்னால் நாலைந்து பேர் சிரித்தார்கள். மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்:

“டேய் அமலா, அப்படியே உங்கப்பாருடா! அவரே வந்து நிக்கிற மாதிரியே இருக்குடா!”

மாஸ்டர் திரையைப் பார்த்தார். திரையில் ஒரு கோடு மட்டும் குரலுக்கு ஏற்ப ஏறி இறங்கியது.

“அவனா?” என்றார்.

ஹசீனா தலையசைத்தார்.

சிரிப்பு அடங்கியது. சிரித்தவன் கேட்டான்:

“செரி, நீ அதுக்கு என்னடா சொன்ன?”

கோப்பு அங்கே முடிந்தது.

“மேல போடுங்க.”

“மேல இல்ல மாஸ்டர்.”

“அடுத்த நம்பர்ல இருக்கும்.”

ஹசீனா அடுத்த எண்ணைத் திறந்தார். ஒரு பொத்தானின் படம். அதற்கடுத்தது ஓர் அம்புக்குறி.

“அவன் ஏதோ சொல்லியிருக்கான் டீச்சர். என்ன சொன்னான்?”

ஹசீனா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

“அன்னிக்குக் கேட்டது நீங்க. அங்க நின்னதும் நீங்க. அமலன் என்ன சொன்னார், மாஸ்டர்?”