தேரியில் கூப்பிட்டவள்

"அம்மை, அவ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டா."

பலவேசம் மூச்சு வாங்க நின்றான். வேட்டியெல்லாம் செம்மண். தலையில் இருக்க வேண்டிய உப்பு மூட்டையைக் காணோம்.

உடைமர நிழலில் இருந்த சடையம்மை நிமிர்ந்து பார்த்தாள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். ஊரை விட்டு விலகி, தேரி தொடங்கும் இடத்தில் அவள் தனியாக இருந்தாள். உப்பெடுக்கப் போகும்போதெல்லாம் பலவேசம் அவள் முன்னால் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போவான். அவளைக் குரு என்றுதான் அவன் மனசில் வைத்திருந்தான். அவள் அவனுக்கு எதையும் சொல்லித் தந்ததில்லை.

"எங்கன வச்சு?"

"நடுத்தேரியில. உச்சி வெயில்ல."

"நீ என்ன சொன்ன?"

"எங்க சொல்ல? மூட்டையைப் போட்டுட்டு ஓடியாந்துட்டேன்."

"அப்போ கூப்பிட்டவ அங்கனயே நிக்கா."

பலவேசம் தேரிப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

தேரி என்பது கடலுக்கும் ஊருக்கும் நடுவே கிடந்த செம்மணல் காடு. காற்றடித்தால் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். உப்பு சுமக்கிறவர்கள் அதைக் கடந்துதான் வர வேண்டும். கொஞ்ச காலமாக உச்சிப்பொழுதில் ஒரு பெண்குரல் அங்கே ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. பேர் விழுந்தவன் தப்புவதில்லை. கொம்பையா ஓடி வந்து வீட்டு வாசலில் விழுந்தான், எழுந்திருக்கவே இல்லை. வயிரவன் காய்ச்சலில் பிதற்றிப் பிதற்றியே போய்ச் சேர்ந்தான்.

"அடுத்தது நான்தான்" என்றான் பலவேசம். "ஏதாவது செய்யுங்க அம்மை. ஒரு மந்திரம், ஒரு கயிறு, ஒரு துளி திருநீறாவது."

சடையம்மை எழுந்து வந்தாள். திருநீறு பூசப் போகிறாள் என்று அவன் தலையைக் குனிந்தான். அவள் அவன் தோளைப் பிடித்துத் தேரிப் பக்கமாகத் திருப்பி நிறுத்தினாள்.

"நாளைக்கு உச்சியில போ. கூப்பிட்டா நில்லு. என்ன வேணும்னு கேளு."

"உசிரைக் கேட்டா?"

"குடுத்துட்டு வா."

"உசிரைக் குடுத்துட்டு எப்படி அம்மை வாரது?"

அவள் மறுபடி நிழலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் அவன் மனைவி வாசலை மறித்து நின்றாள்.

"போகாதீய. வீட்டுக்குள்ளயே இருங்க. கதவை அடைச்சிருவோம்."

"பேர் தெரிஞ்சவளுக்கு வீடு தெரிய எம்புட்டு நேரம் ஆகும்? பிள்ளைக இருக்குத இடத்துக்கு அவ வர வேண்டாம்."

சுரைக்குடுக்கையில் தண்ணீர் நிறைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினான்.

தேரி கொதித்தது. காலை எடுத்தால் அந்தத் தடத்தில் மணல் சரிந்து மூடியது. திரும்பிப் பார்த்தால் வந்த வழியே இல்லை. தூரத்துப் பனைகளில் காய்ந்த ஓலை ஒன்றோடொன்று உரசி யாரோ பல்லைக் கடிப்பது மாதிரிக் கேட்டது. தன் நிழல் தன் காலடிக்குள் சுருங்கிப் போயிருப்பதைப் பார்த்தான்.

ஓலைச் சத்தம் நின்றது.

"பலவேசம்..."

முதுகுக்குப் பின்னால். கிட்டத்தில்.

கால்கள் ஓடப் பார்த்தன. அவன் குத்துக்காலிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டான். ஓடாமல் இருக்க அவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

"பலவேசம்..."

கண்ணை மூடிக்கொண்டே திரும்பினான். பிறகு திறந்தான்.

யாரும் இல்லை. ஒரு மணல் மேடுதான்.

"என்ன..." மணலைப் பார்த்துக் கேட்டான். "என்ன வேணும்?"

மணலுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"தண்ணி."

அவன் குடுக்கையை மார்போடு அணைத்துக்கொண்டான். நடுத்தேரியில் இருக்கிறான். முன்னால் போனாலும் பின்னால் போனாலும் அந்தத் தண்ணீர்தான் அவன் உயிர். அவள் எதைக் கேட்கிறாள் என்று அப்போது அவனுக்குப் புரிந்தது.

"என் பேரு உனக்கு எப்படித் தெரியும்?" கேட்டான்.

"வழி தப்பாம இருக்க நீங்க ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுக்கிட்டே போவீங்க. கேட்டுக்கிட்டே கிடந்தேன்."

"கொம்பையாவையும் நீதான் கூப்பிட்டியா?"

"எல்லாரையும் கூப்பிட்டேன்."

அடைப்பைப் பிடுங்கினான். தண்ணீரை மணலில் ஊற்றினான். மணல் உஸ்ஸென்று உறிஞ்சியது. பாதிக் குடுக்கை போனதும் நிறுத்தினான்.

"எனக்குப் போதும்" என்றது குரல். "பிள்ளைக்கு?"

பலவேசம் சுற்றிலும் பார்த்தான்.

"எந்தப் பிள்ளை? எங்க இருக்கு?"



அவன் அழுதுகொண்டே குடுக்கையைக் கவிழ்த்தான். கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்திருந்தான். பிறகு அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, தண்ணீர் விழுந்த இடத்தில் இரண்டு கையாலும் தோண்டத் தொடங்கினான். ஏன் தோண்டினான் என்று பின்னால் பலர் கேட்டார்கள். அவனால் சொல்ல முடிந்ததில்லை.

முதலில் ஒரு வளையல் வந்தது. வளையலுக்குள் எலும்பு. அந்தக் கையெலும்பு வளைத்திருந்த இடத்தில், மார்க்கூட்டோடு ஒட்டி, இன்னொரு சின்ன எலும்புக்கூடு.

தோண்டிய கையை அவன் இழுத்துக்கொண்டான். விரல்கள் நனைந்திருந்தன. அவன் ஊற்றியது ஒரு சாண் ஆழம்கூட இறங்கியிருக்காது. அவன் கை இருந்ததோ முழங்கை ஆழத்தில். பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழிக்குள் நீர் ஊறி ஏறியது. நாக்கில் வைத்துப் பார்த்தான். நல்ல தண்ணீர்.

அவன் போய்ச் சொன்னதும் ஊரார் வந்து எலும்புகளை மேட்டில் ஒன்றாகவே அடக்கினார்கள். சுனையைச் சுற்றிக் கல் கட்டினார்கள். ஊர் கூடி, இவள் நமக்குச் சாமி என்றது. அதற்குப் பிறகு தேரியில் யார் பேரும் விழவில்லை.

பயம் மட்டும் போகவில்லை. தண்ணீர் மொள்ள வந்தவர்கள் தலை நிமிராமல் மொண்டுகொண்டு ஓடினார்கள். அந்தப் பக்கம் பார்க்காதே என்று தாய்மார் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்கள். பலவேசமும் மேட்டுக்குத் தள்ளி நின்றே கும்பிட்டான்.

சிலை வைக்க ஆற்றங்கரையிலிருந்து ஒரு கல்தச்சரை வரவழைத்தார்கள். அவர் ஊரில் எல்லாரையும் கேட்டுக் கேட்டு ஒரு பலகையில் கரியால் வரைந்தார். அதைப் பார்த்ததும் பலவேசம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் கண்ணை மூடினால் வருகிறவள் அப்படியே அதில் இருந்தாள். விரிந்து பறக்கிற முடி. பிதுங்கிய கண்கள். தலைக்கு மேலே தூக்கிய இரண்டு கைகள். பிளந்த வாய். வாயின் இரண்டு ஓரத்திலும் கோரைப் பல்.

அவரைப் பலகையோடு கூட்டிக்கொண்டு சடையம்மையிடம் வந்தான்.

"அம்மை, எலும்பைத்தான் நான் பார்த்தேன். முகம் பார்க்கலை. நீங்கதான் சொல்லணும். அவ இப்படித்தான் இருப்பாளா?"

சடையம்மை பலகையை வாங்கிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள். எழுந்து தேரிக்குள் நடந்தாள்.

"எங்க போறாவ?" என்றார் தச்சர்.

"தெரியலை."

அவள் ஒரு மேட்டில் ஏறி நின்று திரும்பினாள். கானலில் அவள் உருவம் நெளிந்தது. காற்று எதிர்த்து வீசியது. அவள் வாய் அசைந்தது தெரிந்தது. சத்தம் வந்து சேரவில்லை. கையைத் தூக்கினாள். இன்னொரு கையையும் தூக்கினாள். சடை அவிழ்ந்து காற்றில் பறந்தது. கழுத்து நரம்பு புடைக்க, கண் பிதுங்க, வாய் பிளந்து அவள் அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"பலவேசம்!"

தச்சர் பின்வாங்கி அவன் கையைப் பிடித்தார்.

"யாருவே அது?"

"சடையம்மைதான்."

"என்ன செய்யுதா?"

பலவேசம் பதில் சொல்ல வாயெடுத்தான். எடுத்தவன் பலகையில் தூக்கியிருந்த கைகளையும் பிளந்த வாயையும் பார்த்தான், மறுபடி மேட்டைப் பார்த்தான்.

"கூப்பிடுதா" என்றான்.

சொல்லிவிட்டு மேட்டை நோக்கி ஓடினான்.

தச்சர் பலகையைப் பார்த்தார். கட்டைவிரலை எச்சிலில் நனைத்து இரண்டு கோரைப் பற்களையும் அழித்தார்.

வேறு எதையும் அவர் தொடவில்லை.