நாண் இறக்காத வில்

உப்பு மூட்டை சுமக்கும் மாடுகள் மலையைக் கடக்கும் கணவாயில் காவல் இருந்தவன் இருளாண்டி. அவன் செத்த பிறகு காவல் வேலையும் அவனுடைய கொம்புவில்லும் தம்பி வெள்ளைக்கண்ணுவுக்கு வந்தன. வேலையை அவன் மறுக்கவில்லை. வில்லைத் தொடத்தான் பயந்தான்.

அண்ணனைக் கொன்றதே அந்த வில்தான்.

உள்பக்கம் எருமைக் கொம்பு, வெளிப்பக்கம் மான் நரம்பு, இரண்டையும் மரத்தோடு பிடித்து வைக்க மீன்பசை. நாண் இல்லாதபோது அந்த வில் எதிர்ப்பக்கமாகச் சுருண்டு கிடக்கும். அதைத் தலைகீழாக வளைத்துத்தான் நாண் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகும் நாண் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், இழுக்கும்போது வில் புரண்டு பழைய சுருளுக்கே பாயும். குறுக்கே இருப்பது யாருடைய தலை என்று அது பார்ப்பதில்லை. இருளாண்டிக்குக் காதோரத்தில் அடி. விழுந்த இடத்திலேயே போய்விட்டான்.

கொம்புவில் செய்பவளும் எய்யக் கற்றுத் தருபவளும் காத்தாயி. வெள்ளைக்கண்ணுவை விட வயதில் இளையவள். ஆனாலும் அந்த மலையில் எல்லோருக்கும் அவள் ஆசான். இருளாண்டியும் அவளிடம் பழகியவன்தான்.

வெள்ளைக்கண்ணு வில்லைத் துணியில் சுற்றி, பாம்பைக் கொண்டுவருவது போலக் கொண்டுவந்தான்.

"இந்த ஒரு தடவ நீங்களே ஏத்திக் குடுங்க, ஆசானே."

அவன் பார்த்துக்கொண்டிருக்க, காத்தாயி வில்லைத் தணலில் காட்டிச் சூடாக்கி, நாண் ஏற்றிக் கொடுத்தாள்.

"பொழுது சாஞ்சா நாணை இறக்கிடணும். காலைல ஏத்திக்கணும். ஏத்தினதும் நாண் நடுவுல ஓடுதான்னு பாக்கணும்."

"சரிங்க ஆசானே."

அதன் பிறகு அவன் தினமும் வந்து பழகினான். வைக்கோல் கட்டுக்குள் அம்பு ஒழுங்காகப் பாய்ந்தது. ஆனால் எய்யும் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அது அவனுக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்பான்.

"எங்கண்ணன் கை கல்லு மாதிரி இருக்கும். அந்தக் கை எனக்கு எப்ப வரும்?"

"அம்பையெல்லாம் பொறுக்கிட்டுக் கிளம்புங்க, காவக்காரரே," என்பாள் காத்தாயி.

மழைக்காலம் பிறந்தது. கணவாயில் சிறுத்தை ஒன்று மாட்டுக்காரன் ஒருவனை இழுத்துக்கொண்டு போனது. மறுபடி வந்து இன்னொருவனைத் தூக்கியது. பகலிலேயே ஆட்கள் பந்தம் பிடித்து நடக்க ஆரம்பித்தார்கள்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் மதியம் வெள்ளைக்கண்ணு மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"இன்னிக்கு வர்ற மாடுகளோட எம்பொண்ணு பவளாயி வர்றா. பொழுது சாயறதுக்குள்ள கணவாய்க்கு வந்துருவாங்க. ஒரு அம்பு விட்டுப் பாத்துட்டுப் போறேன் ஆசானே."

எய்தான். அம்பு பாதித் தூரத்தில் தலை கவிழ்ந்து மண்ணில் விழுந்தது. இன்னொன்றை எய்தான். அதுவும் அப்படியே விழுந்தது.

காத்தாயி வில்லை வாங்கி நாணைக் கழற்றினாள். அது சுருளவில்லை. விறைப்பு போய், வளைந்தது வளைந்தபடியே, அடுப்பில் வைக்கிற குச்சி மாதிரி அவள் கையில் கிடந்தது.

"நாணை இறக்கவே இல்லையா?"

"இல்லீங்க."

"ஒரு நாள்கூட?"

"இறக்கினா மறுபடி ஏத்தணுமே."

காத்தாயி உள்ளே போய்த் தன் சொந்த வில்லைக் கொண்டுவந்தாள். அது இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடுகிற அளவுக்குப் பின்பக்கம் சுருண்டிருந்தது. அதைப் பார்த்ததும் வெள்ளைக்கண்ணு ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"நீங்களே ஏத்திக் குடுத்துருங்க, ஆசானே."

"ஈரக் காத்து. நிதானமாச் சூடேறணும். நான் அதுக்கு உக்காந்தா கணவாயோட கீழ்வாசலுக்கு யாரு போறது? மாடுகளை அங்க நிறுத்திப் பந்தம் கொளுத்திக் கூட்டமா ஏத்திக் கூட்டிட்டு வரணும். சிறுத்தை பதுங்குற மேல்பாறைய நீங்கதான் பாத்துக்கணும்."

"என்னால முடியாது."

"பாத்து ஏத்துங்க," என்று சொல்லிவிட்டுப் பந்தங்களை எடுத்துக்கொண்டு அவள் இறங்கிப் போய்விட்டாள்.

வெள்ளைக்கண்ணு தனியாக நின்றான். ஓடிவிடலாம் என்றுகூட நினைத்தான். பிறகு பவளாயியை நினைத்துக்கொண்டு தணல் முன்னால் உட்கார்ந்தான்.

வில்லைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். கொம்பு இளகியதும் ஒரு முனையைக் கணுக்காலில் கொடுத்து, நடுப்பகுதியைத் தொடைக்குப் பின்னால் வைத்து, மறுமுனையை முன்னால் அழுத்தினான். வில் எதிர்த்தது. அண்ணனின் காதோரத்து ரத்தம் கண்ணுக்குள் வந்தது. கண்ணை மூடினால் கை நழுவிவிடும் என்பதால் மூடவும் முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நாணை மாட்டினான்.

உடனே வில்லைத் தூக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. கண்ணுக்கு நேரே பிடித்து நாண் ஓடும் வழியைப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது போலிருந்தது. மனம் கேட்கவில்லை. திருப்பிப் பிடித்துப் பார்த்தான். அப்போதும் மனம் கேட்காமல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான். கீழ்ப்பாதியில் நாண் ஒரு நூல் அளவு இடது பக்கம் ஒதுங்கியிருந்தது.

அந்த இடத்தை மறுபடி தணலில் காட்டி, உள்ளங்கையால் தள்ளித் தள்ளி நேராக்கினான். மீண்டும் பார்த்தான். அதன் பிறகுதான் கணவாய்க்கு நடந்தான்.

மாடுகளின் மணிச்சத்தம் கேட்டது. கீழே காத்தாயியின் பந்தம். அதற்குப் பின்னால், முதல் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பவளாயி.

பாறை மேல் சிறுத்தை படுத்திருந்தது. வால் மட்டும் அசைந்தது.

வெள்ளைக்கண்ணு நாணை இழுத்தான். கை நடுங்கியது. இந்தக் கையோடு இவ்வளவு தூரத்தில் எய்தால் தப்பிவிடும் என்று பயந்தான். நாணை மெல்லத் தளர்த்திவிட்டு, புதருக்குப் பின்னால் தவழ்ந்து கிட்டே போனான். இன்னும் பயமாக இருந்தது. இன்னும் கிட்டே போனான். சிறுத்தையின் மூச்சு கேட்கும் இடத்துக்கு வந்த பிறகு எய்தான்.

அம்பு தோளுக்குள் புதைந்தது. சிறுத்தை ஒரு முறை உறுமிவிட்டுப் பள்ளத்தில் சரிந்து விழுந்தது. பவளாயி மாட்டுக் கயிற்றை விட்டுவிட்டு அப்பனிடம் ஓடிவந்தாள்.

மாடுகள் கணவாயைக் கடந்து போன பிறகு வெள்ளைக்கண்ணு வில்லை ஆசானிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"இறக்குங்க."

அவன் நாணை இறக்கினான். வில் தன் சுருளுக்குத் திரும்பியது. காத்தாயி அதன் கீழ்ப்பாதியைத் தடவிப் பார்த்தாள். ஒரு இடத்தில் தணல் பட்ட கருமை இருந்தது.

"இங்க ஒதுங்கியிருந்துச்சா?"

"ஆமாங்க. ஒரு நூலளவு."

"எப்படித் தெரிஞ்சுது?"

"பயத்துலதான். மறுபடி மறுபடி பாத்துக்கிட்டே இருந்தேன்."

காத்தாயி வில்லைத் துணியில் சுற்றினாள். வெள்ளைக்கண்ணு தன் கையைப் பார்த்தான். அது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. மகளுக்குத் தெரியக்கூடாது என்று மறுகையால் அதைப் பிடித்துக்கொண்டான்.

"சிறுத்தைய அடிச்ச பிறகும் நிக்க மாட்டேங்குது, ஆசானே. எங்கண்ணன் கை ஒரு நாளும் நடுங்கினதில்ல."

"ஆமா," என்றாள் காத்தாயி. "அவர் ஒரு நாளும் நாணைப் பாத்ததும் இல்ல."